முன்னாள் படைவீரர்களின் சிகரெட் பழக்கத்தை நிறுத்தக் குறுஞ்செய்தி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ராணுவத்தின் உணவுப் பொட்டலங்களில் 1975 வரை சிகரெட்டும் சேர்ந்தே வந்தது. வியட்நாமில் பணியாற்றிய தலைமுறைக்குப் பழக்கம் சாப்பாட்டோடு வந்தது என்றே சொல்லலாம். ஈராக், ஆப்கானிஸ்தான் போனவர்களுக்குப் பொட்டலத்தில் சிகரெட் இல்லை. ஆனால் இரவுக் காவல், மணிக்கணக்கான காத்திருப்பு, தூக்கமின்மை எல்லாம் அப்படியே இருந்தன. உதட்டுக்கடியில் ஒதுக்கும் 'டிப்' புகையிலையும் சேர்ந்துகொண்டது. ராணுவத்தை விட்டு வந்த பிறகும் பழக்கம் போவதில்லை. உடல்வலி, கெட்ட கனவு, பிடிஎஸ்டி எனும் போர் அதிர்ச்சி நோய் ஆகியவற்றோடு அது பின்னிக்கொண்டுவிடுகிறது.

இந்த வழிகாட்டி, அவர்களுக்கு உதவும் செவிலியர், ஆலோசகர், மருந்தாளுநர், படைவீரர் சங்கத் தன்னார்வலர் ஆகியோருக்கானது. மருத்துவமனைச் சந்திப்பு மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். சிகரெட் ஆசையோ ஒரு நாளில் பத்து முறை வரும். அந்தப் பத்து முறையும் கூடவே இருப்பது கைப்பேசி ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செய்தி அனுப்புவது எளிது. மென்பொருள் வாங்கினால் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடலாம். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் வேலை. பல திட்டங்கள் அனுப்புவதைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பதிலைக் கவனிக்காமல் விடுவதால்தான் சோர்ந்துபோகின்றன.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்

நியூசிலாந்தில் 1,705 பேரிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், குறுஞ்செய்தி பெற்றவர்களில் 28 சதவீதம் பேர் ஆறாவது வாரத்தில் புகைக்கவில்லை. பெறாதவர்களில் அது 13 சதவீதம். பிரிட்டனில் 5,800 பேருடன் நடந்த 'டெக்ஸ்ட்2ஸ்டாப்' ஆய்வு 2011இல் வந்தது. அதில் ஆறு மாதம் தொடர்ந்து புகைக்காதவர்களை உயிர்வேதியியல் சோதனையால் உறுதிசெய்தார்கள். செய்தி பெற்றோரில் 10.7 சதவீதம், மற்றவர்களில் 4.9 சதவீதம். அமெரிக்காவில் 503 பேரிடம் நடந்த 'டெக்ஸ்ட்2க்விட்' ஆய்வு (2014) ஏறத்தாழ இதே விகிதத்தைக் காட்டியது: 11.1, 5.0.

இரண்டு மடங்கு என்றால் பெரிதுதான். ஆனாலும் நூறில் எண்பத்தொன்பது பேர் அந்த முறை விடவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அந்த எண்பத்தொன்பது பேரை மறுபடி அழைத்துச் சேர்ப்பதற்கும் திட்டத்தில் வழி இருக்க வேண்டும்.

படி 1: ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துங்கள்

புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்: அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையும் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து 2013 முதல் நடத்தும் 'ஸ்மோக்ஃப்ரீவெட்' என்ற குறுஞ்செய்திச் சேவை ஏற்கெனவே இருக்கிறது. 47848 என்ற எண்ணுக்கு 'வெட்' (VET) என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்பினால் சேர்ந்துவிடலாம். சேவை இலவசம். கைப்பேசித் திட்டத்தின் செய்திக் கட்டணம் மட்டும் அவரவர் நிறுவனத்தைப் பொறுத்தது. ஆசை வந்தால் 'அர்ஜ்' (URGE), மன அழுத்தம் என்றால் 'ஸ்ட்ரெஸ்' (STRESS), புகைத்துவிட்டால் 'ஸ்மோக்டு' (SMOKED) என்று அதே எண்ணுக்கு அனுப்பினால் உடனே பதில் வரும்.

பேச விரும்புகிறவருக்கு 'க்விட் வெட்' தொலைபேசி: 1-855-784-8838, திங்கள் முதல் வெள்ளி வரை. நலத்துறை மருத்துவமனைகளில் புகை நிறுத்த ஆலோசனைக்கு நோயாளி கட்டணப் பங்கு எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அங்கே 'ஆனி' என்ற தானியங்கிக் குறுஞ்செய்தி அமைப்பும் உண்டு. பெர்ல் ஹார்பரில் பணியாற்றிய ராணுவச் செவிலியர் ஆனி ஃபாக்ஸின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலான சிறு அமைப்புகளுக்கு நல்ல வழி இதுதான்: தானாகப் போகும் செய்திகளை 47848க்கு விட்டுவிட்டு, மனிதர் கவனிக்க வேண்டிய பகுதியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வது. அட்டையில் எண்ணை எழுதிக் கொடுத்து 'வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடாதீர்கள். அறையில் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவர் கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள். முதல் பதில் வந்து விழும்வரை காத்திருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பும் நாள் இதற்கு மிகப் பொருத்தமானது. நலத்துறை வளாகங்களில் 2019 அக்டோபர் 1 முதல் நோயாளிகள் புகைக்க முடியாது என்பதால், அவர் ஏற்கெனவே சில நாட்களைச் சிகரெட் இல்லாமல் கடந்திருப்பார்.

சொந்தமாக ஒரு திட்டம் நடத்தத்தான் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

படி 2: சேர்க்கும்போது கேட்க வேண்டியவை

நீண்ட படிவம் வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றில் எதையும் விடாதீர்கள்.

எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? அரை மணிக்குள் என்றால் நிக்கோட்டின் பிடி வலுவாக இருக்கிறது. மருந்தின் அளவையும், காலையின் முதல் செய்தி எப்போது போக வேண்டும் என்பதையும் இந்த ஒரு பதிலே முடிவுசெய்யும்.

ஒரு நாளைக்கு எத்தனை? 'டிப்' அல்லது மின்சிகரெட் உண்டா? சிகரெட்டை விட்டவர் டிப்பை இருமடங்காக்கிக்கொள்வதும் உண்டு. தனியாகக் கேட்டால்தான் சொல்வார்.

எந்த ஐந்து சிகரெட்டைத் தவறவிடவே மாட்டார்? கடிகார நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். காலைக் காபி, கார் ஓட்டும்போது, சாப்பிட்ட பின், வேலை முடிந்ததும், நள்ளிரவு விழிப்பு. செய்தி போக வேண்டிய நேரங்கள் இவைதான். அதிலும் சிகரெட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போக வேண்டும். பற்றவைத்த பிறகு வரும் அறிவுரை யாருக்கும் பயன்படாது.

எந்தப் படைப்பிரிவு? மரீன் எனும் தனிப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரை 'சோல்ஜர்' என்று அழைத்தால் அந்தச் செய்தியோடு உங்கள் மதிப்பு போய்விடும். அந்தச் சொல் தரைப்படைக்கு உரியது. கடற்படைக்காரர் 'செய்லர்', விமானப்படைக்காரர் 'ஏர்மேன்'. பிரிவு தெரியவில்லை என்றால் பெயர் மட்டும் போதும்.

எந்த நேர மண்டலத்தில் வசிக்கிறார்? எண்ணின் பகுதிக் குறியீட்டைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். படைவீரர் ஊர் ஊராக மாறியவர். வட கரோலினா முகாமில் இருந்தபோது வாங்கிய எண்ணை வைத்துக்கொண்டு அரிசோனாவில் குடியிருப்பார். கிழக்கு நேரம் என்று நினைத்துக் காலை ஏழுக்கு நீங்கள் அனுப்புவது அவரை விடியற்காலை நான்குக்கோ ஐந்துக்கோ எழுப்பும். இரவு தூங்க முடியாமல் தவித்து அப்போதுதான் கண் அயர்ந்தவர் என்றால், அன்றே வெளியேறிவிடுவார். அஞ்சல் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கைப்பேசித் திட்டத்தில் செய்திக்கு வரம்பு உண்டா? ப்ரீபெய்ட் எண் அடிக்கடி மாறுமா? படைவீரர் ஓய்வூதிய உதவி பெறுகிறவர் 'லைஃப்லைன்' என்ற கூட்டாட்சித் திட்டத்தில் தொலைபேசிக் கட்டணச் சலுகை கேட்கலாம். தெரியாதவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக ஒப்புதல். சாதாரணக் குறுஞ்செய்தி மறையாக்கம் செய்யப்படாதது, மற்றவர் கண்ணில் படக்கூடியது என்பதை வாயால் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், சந்திக்கும் துறையின் பெயர் எதுவும் செய்தியில் வரக்கூடாது. அவரே கேட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு.

படி 3: மருந்தை முதலில் தயார் செய்யுங்கள்

குறுஞ்செய்தி மருந்துக்கு மாற்றல்ல. 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, பிடிஎஸ்டி உள்ள 943 முன்னாள் படைவீரர்களைப் பத்து நலத்துறை மருத்துவமனைகளில் பின்தொடர்ந்தது. மனநலச் சிகிச்சை தருபவரே புகை நிறுத்தச் சிகிச்சையையும் சேர்த்துத் தந்தபோது நீண்டகாலம் விட்டவர்கள் 8.9 சதவீதம், வேறு பிரிவுக்கு அனுப்பியபோது 4.5 சதவீதம். 'அந்தப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள்' என்ற ஒரு வரியில் பாதிப்பேர் நழுவிவிடுகிறார்கள். ஆகவே, சிகரெட்டை விடக் குறித்த நாளுக்குள் மருந்து அவர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

வழக்கமான அளவுகள், மருத்துவரோ மருந்தாளுநரோ உறுதிசெய்ய வேண்டியவை:

நிக்கோட்டின் பேட்ச் (தோலில் ஒட்டுவது): நாளைக்குப் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு 21 மி.கி. ஆறு வாரம், பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், பிறகு 7 மி.கி. இரண்டு வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14இல் தொடங்கலாம்.

நிக்கோட்டின் கம்: எழுந்த அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒன்று, நாளுக்கு 24க்கு மேல் கூடாது. சாதாரணச் சூயிங்கம்போல மென்றுகொண்டே இருந்தால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் இறங்கி விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். நாலைந்து முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி, சோடா, பழச்சாறு குடித்து 15 நிமிடம் கழித்தே போட வேண்டும். வாயில் அமிலம் இருந்தால் மருந்து உறிஞ்சப்படாது. 'கம் எனக்குக் கேட்கவில்லை' என்று சொல்பவர்களிடம் முதலில் காபியைப் பற்றிக் கேளுங்கள்.

பேட்சும் கம்மும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலைசெய்கிறது. பேட்ச் நாள் முழுக்க ஓடும் அடித்தளம், கம் திடீரென்று வரும் ஆசைக்கு.

வரெனிக்ளின் (சிகரெட் ஆசையைக் குறைக்கும் மாத்திரை): விடும் நாளுக்கு ஒரு வாரம் முன் தொடக்கம். மூன்று நாள் 0.5 மி.கி. ஒருவேளை, நான்கு நாள் 0.5 மி.கி. இருவேளை, எட்டாம் நாள் முதல் 1 மி.கி. இருவேளை, மொத்தம் 12 வாரம். மனநோய் உள்ளவருக்குத் தரக்கூடாது என்ற பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 8,144 பேரிடம் நடந்த 'ஈகிள்ஸ்' ஆய்வு 2016இல் வந்தது. அவர்களில் பாதிப்பேர் மனநலச் சிக்கல் உள்ளவர்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது மனநலப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த மருந்துக்கு இட்டிருந்த கறுப்புக்கட்ட எச்சரிக்கையை, அதாவது மிகக் கடுமையான எச்சரிக்கையை, நீக்கியது.

படைவீரர்களோடு பழகும்போது மறக்கக்கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கனவு. பேட்சை இரவு முழுக்க ஒட்டியிருந்தால் கனவுகள் பளிச்சென்று நிஜம்போல வரும். போர்க் கனவால் ஏற்கெனவே அவதிப்படுபவர் இரண்டாம் நாளே பேட்சைக் கிழித்தெறிந்துவிட்டு 'எனக்கு இது ஒத்துவராது' என்பார். படுக்கும்முன் கழற்றிவிட்டுக் காலையில் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். வரெனிக்ளின் என்றால் மாலை மாத்திரையைப் படுக்கும்போது போடாமல் இரவுச் சாப்பாட்டோடு போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

இன்னொன்று, சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலின் ஒரு நொதியை வேகப்படுத்தி வைத்திருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் சில நாட்களில் குறைகிறது. அதுவரை சரியாக இருந்த க்ளோசபின், ஓலான்சபின் ஆகிய மனநல மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். இவை சாப்பிடுபவர் என்றால், விடும் தேதியை மனநல மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காபியும் இதே வழிதான். காஃபீன் ஏறத்தாழ இருமடங்கு தங்கும். முதல் வாரப் படபடப்பையும் தூக்கமின்மையையும் நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்துக்கொள்வார், பாதி காரணம் வழக்கமான ஐந்து கப் காபியாக இருக்கும். விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்கச் சொல்லும் ஒரு செய்தி கட்டாயம் இருக்கட்டும்.

படி 4: எண், சொல், வடிகட்டி

அனுப்பும் எண்ணைப் பதிவுசெய்யும்போது 'புகை நிறுத்த நலச்சேவை' என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் பாலியல், வெறுப்பு, மது, துப்பாக்கி, புகையிலை ஆகிய ஐந்தையும் பற்றிய வணிகச் செய்திகளைத் தனியே கண்காணிக்கின்றன. செய்திகளைத் தடுக்கும் தானியங்கி வடிகட்டிக்குப் புகையிலை விற்பனையும் அதை விட உதவுவதும் ஒன்றுபோலத் தெரியலாம். தொடங்கும் முன் எல்லாச் செய்திகளையும் வெவ்வேறு நிறுவன எண்களுக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் போய்ச் சேர்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஒரு செய்தியின் நீளம் 160 எழுத்து. ஆனால் ஒரே ஒரு எமோஜி நுழைந்தாலும், வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள்குறி ஒன்று கூட வந்தாலும், குறியாக்கம் மாறி எல்லை 70 ஆகிவிடும். ஒரு செய்தி மூன்றாக உடைந்து, வரிசை மாறிப் போய்ச் சேரும். ஸ்பானியத்தில் அனுப்பினால் á, í, ó, ú நான்கும் இதே வேலையைச் செய்யும். Ñ, é செய்யாது.

மிகப் பெரிய பொறி இனிமேல்தான். அமெரிக்காவில் செய்திச் சேவையிலிருந்து விலக 'ஸ்டாப்' என்று அனுப்பினால் போதும். 'எண்ட்', 'கேன்சல்' போன்றவையும் அதே வேலையைச் செய்யும். அந்தப் பட்டியலில் 'க்விட்' (QUIT) என்ற சொல்லும் இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் நாள் காலை நீங்கள் 'எப்படிப் போகிறது?' என்று கேட்கிறீர்கள். நாற்பது ஆண்டு புகைத்தவர், 'விட்டுவிட்டேன்' என்று பெருமையாக 'க்விட்' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்புகிறார். அந்த நொடியே அவர் எண் நீக்கப்படுகிறது. அதன்பின் நீங்கள் அனுப்புவது எதுவும் அவருக்குப் போகாது. தன் வெற்றியைச் சொன்னதும் எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

சேவை நிறுவனத்திடம் பேசி அந்த ஒரு சொல்லை விலகல் பட்டியலிலிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், அந்தச் சொல் இயல்பாக வாயில் வரும் கேள்வியையே கேட்காதீர்கள். 'விட்டீர்களா?' என்று கேட்காமல், 'இன்று எத்தனை? எண்ணை மட்டும் அனுப்புங்கள். ஒன்றுமில்லை என்றால் 0' என்று கேளுங்கள். விலகியவர் பட்டியலை நாள்தோறும் ஒருவர் பார்க்கட்டும். 'க்விட்' சொல்லி விலகியவர் யாராவது இருந்தால் தொலைபேசியில் அழைத்து, விலகத்தான் நினைத்தாரா என்று கேளுங்கள். உண்மையிலேயே விலக நினைத்தவரை வற்புறுத்தக்கூடாது.

எண் கைமாறுவதையும் எதிர்பாருங்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 45 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குத் தர அங்கே விதி இடம் தருகிறது. மாதம் ஒருமுறை 'நீங்கள்தானே? ஆம் என்றால் 1' என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: செய்தி எழுதுவது

செய்திகள் ஆங்கிலத்திலோ ஸ்பானியத்திலோ போகும். பொருளை மட்டும் இங்கே தமிழில் தருகிறோம்.

ஒரு செய்தியில் ஒரே செயல். நுரையீரல் படமும் மரண எண்ணிக்கையும் வேண்டாம். சாவை நேரில் பார்த்தவர்களுக்கு அது புதிய தகவலல்ல. 'போர்', 'எதிரி', 'தாக்கு', 'சுடு' போன்ற சொற்களால் உற்சாகம் ஊட்ட நினைப்பவர்கள் பலர். சிலருக்குப் பிடிக்கும், சிலரை நேராகப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடும். யாருக்கு எது என்று தெரியாதபோது தவிர்த்துவிடுவதே சரி. திட்டமிடல், தயாரிப்பு, கூட இருக்கும் தோழர் என்ற பேச்சு எல்லாருக்கும் பழக்கமானது, யாரையும் புண்படுத்தாது. 'உங்கள் சேவைக்கு நன்றி' என்பதை முதல் நாள் ஒருமுறை சொன்னால் போதும்.

எழுதியதை முன்னாள் படைவீரர் சிலரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். வெவ்வேறு வயதினராக இருக்கட்டும், பெண்களும் இருக்கட்டும். எந்த வரியில் முகம் சுளிக்கிறார்களோ அந்த வரியை விவாதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

படி 6: கால அட்டவணை

விடும் நாளை இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் தள்ளினால் நாள் நகர்ந்துகொண்டே போகும். தயாரிப்புக் காலத்தில் நாளுக்கு ஒரு செய்தி: மருந்து வாங்கியாயிற்றா, ஆஷ்டிரே போயிற்றா, காரைச் சுத்தம் செய்தாயிற்றா, வீட்டில் யாரிடம் சொல்லியிருக்கிறார். முதல் வாரம் நாளுக்கு ஐந்து. இரண்டாம் வாரம் மூன்று. மூன்று, நான்காம் வாரங்களில் இரண்டு. பிறகு எட்டாம் வாரம் வரை வாரத்துக்கு மூன்று. பிரிட்டன் ஆய்வில் ஐந்து வாரம் நாளுக்கு ஐந்து, அதன்பின் 26 வாரம் வாரத்துக்கு மூன்று என்று அனுப்பினார்கள். தொந்தரவாக இருக்கிறது என்றால் அவரே குறைத்துக்கொள்ள ஒரு சொல் வைத்துக் கொடுங்கள். குறைக்க வழியில்லாதவர் முழுதாக விலகிவிடுவார்.

தொலைபேசி விற்பனைக்கான கூட்டாட்சி விதி காலை 8 முதல் இரவு 9 வரை மட்டும் அனுமதிக்கிறது. நலச்செய்திக்கும் அதையே பொது எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஐந்தரை மணிக்கு முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு எட்டு மணிச் செய்தியால் என்ன பயன்? விடியற்காலையில் அனுப்பலாம் என்று அவரே நேரம் குறித்து எழுதிக் கொடுத்தால் அனுப்பலாம்.

ஐந்தேகாலுக்கு எழுந்து, ஏழு மணிக்குக் காரில் கிளம்புகிற ஒருவரின் முதல் நாள் இப்படி இருக்கும்:

5.25: 'இன்றுதான் அந்த நாள். காபிக்கு முன் பேட்ச். மேல்கையில், ரோமமில்லாத காய்ந்த இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.'

6.50: 'காரில் ஏறும்முன் பாருங்கள். லைட்டர் வெளியே, கம் சட்டைப்பையில்.'

12.20: 'சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். ஐந்து நிமிட நடை போதும்.'

5.30: 'இன்று எத்தனை? எண் மட்டும். ஒன்றுமில்லை என்றால் 0.'

8.45: 'பேட்சைக் கழற்றிவிட்டுப் படுங்கள். நடுஇரவில் விழிப்பு வந்தால் அர்ஜ் என்று அனுப்புங்கள். உடனே பதில் வரும்.'

முதல் செய்தியும் கடைசிச் செய்தியும் மருந்தைச் சொல்கின்றன. பேட்ச் என்ற சொல் வெளிப்படையாக வருவதற்கு அவரது எழுத்து ஒப்புதல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'காலை வேலை முதலில்' என்று இருவருக்கும் புரியும் ஒரு சொல்லைச் சேர்க்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் ஏக்கம் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். மூன்றாம் நாள் செய்தியில் இதை நேராகச் சொல்லிவிடுங்கள். எரிச்சல் ஏன் வருகிறது, எப்போது அடங்கும் என்று தெரிந்தவர் தாக்குப்பிடிப்பார். ஜூலை 4 சுதந்திர நாள் வாணவேடிக்கை, மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாள், நவம்பர் 11 படைவீரர் நாள் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து, முந்தின மாலையே ஒரு செய்தி போகட்டும். அவர் தனிப்பட்ட முறையில் சொல்லும் ஒரு தேதியும் இருக்கலாம். சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

படி 7: பதில் வரும்போது

'அர்ஜ்' வந்தால் பதில் விநாடிகளில் போக வேண்டும். ஒரு ஆசை அலை சில நிமிடங்களில் தானே தணிந்துவிடும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்துவதுதான் உங்கள் வேலை. குறைந்தது முப்பது பதில்கள் தயாராக இருக்கட்டும், ஒருமுறை போனது எல்லாம் தீரும்வரை திரும்ப வரக்கூடாது. அதிகாலை மூன்று மணிக்கு வந்த அதே வரி நான்கு மணிக்கும் வந்தால், மறுமுனையில் யாரும் இல்லை என்று புரிந்துவிடும். இரவுப் பதில்கள் தனியாக இருக்கட்டும். நடுராத்திரியில் 'வெளியே நடந்து வாருங்கள்' பொருந்தாது. 'விளக்கைப் போடுங்கள். குளிர்ந்த நீரில் கையை நனையுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள்' பொருந்தும்.

எழுத்துப்பிழையை எதிர்பாருங்கள். நடுங்கும் விரல், சிறிய திரை, தானாகத் திருத்தும் விசைப்பலகை. ஓர் எழுத்து விட்டுப்போனாலும் சரியாகப் புரிந்துகொள்ளும்படி மென்பொருளை அமைக்க வேண்டும். 'புரியவில்லை, சரியான சொல்லை அனுப்பவும்' என்ற பதில் ஆசையில் தவிப்பவருக்குக் கதவைச் சாத்துவதுபோல.

'ஸ்மோக்டு' வந்தால் முதல் வரியில் நன்றி: 'சொன்னது நல்லது.' அடுத்த வரியில் ஒரே கேள்வி: 'எத்தனை?' ஒன்றிரண்டு என்றால் பேட்சைக் கழற்ற வேண்டியதில்லை, மீதிப் பாக்கெட்டை நனைத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். புகைத்துவிட்டோமே என்று பயந்து பேட்சைக் கழற்றிவிடுகிறார்கள், மாலைக்குள் முழுப் பாக்கெட்டும் தீர்ந்துவிடுகிறது. மூன்று நாளாகத் தினமும் புகைக்கிறார் என்றால் அந்தச் சுற்றை முடித்து, இரண்டு வாரத்துக்குள் புதிய தேதி குறிக்க மனிதர் ஒருவர் அழைக்க வேண்டும். மருந்தளவு போதவில்லையா, கம் சரியாக மெல்லப்படவில்லையா என்று அப்போது பார்க்கலாம்.

எண் கேட்டு மூன்று நாள் பதிலில்லை என்றாலும் தொலைபேசி அழைப்புத்தான். பெரும்பாலும் புகைத்துவிட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருப்பார்.

உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் எல்லா அட்டவணையும் நிற்க வேண்டும். 'சாக வேண்டும்', 'யாருக்கும் பாரமாக இருக்க விரும்பவில்லை', துப்பாக்கி பற்றிய குறிப்பு போன்றவை வந்த நொடியே இந்தத் தகவல் போகட்டும்: 988ஐ அழைத்து 1ஐ அழுத்துங்கள், அல்லது 838255க்குச் செய்தி அனுப்புங்கள். அது முன்னாள் படைவீரருக்கான நெருக்கடி உதவி, 24 மணி நேரமும் உண்டு. கூடவே பணியில் இருப்பவரின் கைப்பேசி ஒலிக்க வேண்டும். சொல் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். 'எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது' என்பது சிகரெட்டைப் பற்றியும் இருக்கலாம், உயிரைப் பற்றியும் இருக்கலாம். பட்டியலில் சிக்காத பதில்களை ஒவ்வொரு வேலை நாளும் இருமுறை மனிதர் படிக்கட்டும். இரவில் படிக்க ஆளில்லை என்றால் அதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொய் நம்பிக்கை ஆபத்தானது.

படி 8: கணக்கும் ஆறாம் மாதமும்

கேள்வி ஒன்றே: 'கடந்த 7 நாளில் ஒரு இழுப்பாவது?' ஒன்றாம், மூன்றாம், ஆறாம் மாதங்களில் கேளுங்கள். பதில் தராதவரைப் புகைப்பவர் என்றே எண்ணுங்கள். பதில் தந்தவரை மட்டும் வைத்துச் சதவீதம் போட்டால் எண் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. சோதனை செய்ய வேண்டுமென்றால், பேட்சோ கம்மோ பயன்படுத்துபவருக்கு உமிழ்நீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் மாறி உருவாகும் பொருள்) பார்க்கும் சோதனை பயன்படாது. மருந்திலுள்ள நிக்கோட்டினும் அதில் தெரியும். அவருக்கு மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவிதான் சரி. அதுவும் கடைசி ஒரு நாளை மட்டுமே காட்டும்.

எட்டாம் வாரம் அட்டவணை முடிந்தாலும் 'அர்ஜ்', 'ஸ்மோக்டு' இரண்டையும் அணைக்காதீர்கள். பதினான்காம் வாரத்தில் ஒரு நண்பரின் இறுதிச்சடங்குக்குப் போய்விட்டு வந்து, கார் நிறுத்துமிடத்திலிருந்து அந்தச் சொல்லை அவர் அனுப்பக்கூடும். அப்போதும் விநாடிகளில் பதில் போக வேண்டும், மறுநாள் காலை அவர் பெயர் அழைக்க வேண்டியவர் பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டும். ஆறாம் மாதம் இன்னும் புகைப்பதாகச் சொல்பவருக்குப் போகும் பதிலில் ஒரே கேள்வி இருக்கட்டும்: 'அடுத்த தேதி குறிக்கலாமா? 1 என்றால் ஆம்.' 1 வந்தால் படி 2இலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேளுங்கள். அந்த ஐந்து சிகரெட்டுகளின் நேரம் இதற்குள் மாறியிருக்கும்.